ஸ்டார்மர் வழியா, பிரித்தம் சிங் வழியா?

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆடை கட்டும்வரை பக்கத்து வீட்டு அண்ணனோடு வாதாடினேன். இடதுசாரிச் சாய்வுள்ள கட்சி பழமைவாத வாக்காளரையும் ஈர்க்க வேண்டும் என்றால் எந்த வழி நல்லது?

பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் கியர் ஸ்டார்மர் எதிர்முகாமின் பேச்சையே எடுத்துக்கொண்டார். 2023 டிசம்பரில் பழமைவாதக் கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் தாட்சரைப் பாராட்டி எழுதினார். 2024 மே மாதம் கன்சர்வேட்டிவ் எம்பி நட்டாலி எல்ஃபிக்கைச் சேர்த்தபோது சொந்தக் கட்சியினரே முகம் சுளித்தார்கள். அந்த ஜூலைப் பொதுத்தேர்தலில் 411 இடங்கள் கிடைத்தது உண்மை. ஆனால் வாக்கு 34 விழுக்காட்டைத் தொடவில்லை. 2025 மே மாதம் குடியேற்றம் பற்றிப் பேசுகையில் நாடு ‘அந்நியர்களின் தீவு’ ஆகிவிடக்கூடும் என்றார். அடுத்த மாதமே அதற்காக வருந்தினார். கடல் கடந்து வந்து பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

இங்கே சிங்கப்பூரில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு 2022 நவம்பரில் சோதனை வந்தது. ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவை நீக்கும் நாடாளுமன்ற வாக்கெடுப்பில், கட்சியை வழிநடத்திய பிரித்தம் சிங் கொறடா கட்டுப்பாட்டை விலக்கி, எம்பிக்கள் மனசாட்சிப்படி வாக்களிக்க விட்டார். அவர் நீக்கத்தை ஆதரித்தார். அவர் கட்சி எம்பிக்களான ஜெரல்ட் கியாமும் டென்னிஸ் டானும் எதிர்த்தார்கள். மசோதா 93-3 என நிறைவேறியது.

“அப்போ கட்சிக்குன்னு ஒரு நிலைப்பாடே இல்லையா தம்பி?” என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான். ஆனாலும் என் மனம் இந்த வழிக்கே சாய்கிறது. சமயப் பற்றுள்ளவரும் மாற்றம் கேட்டவரும் தங்கள் குரலை ஒரே கட்சிக்குள் கேட்டார்கள். பழைய ஆதரவாளரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை.