விதியை எங்கே எழுதுவது: சிஸ்டம் ப்ராம்ப்ட்டிலா, டூல் விளக்கத்திலா?

சாயம் ஏற்ற டையிங்குக்குப் போன துணி போன எடையிலேயே திரும்பி வராது. திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம், நான் ஒரு பனியன் கம்பெனிக்குச் செய்து கொடுத்த ஏ.ஐ. ஏஜென்ட்டுக்கு (கம்பெனிப் பதிவுகளைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் மென்பொருள்) தெரியவில்லை. ஒரு டி.சி.க்கு (டெலிவரி சலான், துணியை வெளியே அனுப்பும்போது போடும் சீட்டு) எவ்வளவு துணி கைவசம் இருக்கிறது என்று கேட்டதற்கு 500 கிலோ என்றது. குடோனில் இருந்தது 468. கட்டிங் மாஸ்டர்தான் கூப்பிட்டார்: "ஏனுங்க தம்பி, அனுப்புன எடையேவா அப்படியே திரும்பி வருமுங்க?" அதற்குள் கட்டிங்குக்கு ஆள் சொல்லியாகிவிட்டது.

தவறு ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏ.ஐ. மாடலுடையது அல்ல, என்னுடையது. எடை சொல்ல இரண்டு டூல்கள் (பதிவிலிருந்து தகவல் எடுக்க மாடல் அழைக்கும் சிறு புரோகிராம்கள்) வைத்திருந்தேன். டையிங்குக்கு அனுப்பிய கிரே துணியின் (சாயம் ஏறாத துணி) எடையை ஒன்று சொல்லும், சாயம் ஏறித் திரும்பி வந்ததை மற்றது, அதாவது வரவு டூல், சொல்லும். இரண்டுக்கும் நான் எழுதிய விளக்கம் ஒன்றே: "துணியின் எடையைத் தரும்". டூலுக்குள் ஓடும் புரோகிராம் மாடலின் கண்ணில் படாது. பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கைக்குப் போகிறது. நான் கொடுத்ததை வைத்து எந்த மனிதரும் சரியானதைத் தேர்ந்திருக்க முடியாது.

சரிசெய்ய இரண்டு வழி. "கைவசத் துணி கேட்டால் வரவு டூலைப் பார்" என்று சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் (உரையாடல் தொடங்கும் முன்பே மாடலுக்குக் கொடுக்கும் பொது அறிவுரை) ஒரு வரி சேர்க்கலாம். அல்லது அந்தந்த டூலின் விளக்கத்தையே திருத்தி எழுதலாம். முதலில் செய்தது முதல் வழிதான். ஐந்து நிமிட வேலை, உடனே பலித்தது. மரியாதையாகப் பேசு, டையிங்காரருக்குச் செய்தி அனுப்பும் முன் ஒப்புதல் கேள் போன்ற எல்லா டூலுக்கும் பொதுவான விதிகளுக்கு இன்றைக்கும் அதுவே சரியான இடம்.

ஆனால் பராமரிப்பு என்று வரும்போது அந்த வழி காலை வாரியது. இரண்டு மாதம் கழித்து, உடன் வேலை செய்யும் தம்பி வரவு டூலைப் பிரித்து, காம்பாக்டிங் (துணியைச் சுருக்கி நிலைப்படுத்தும் வேலை) முடிந்த எடைக்குத் தனியாக ஒன்று செய்தார். புரோகிராமை மாற்றினார், அதன் தலையிலேயே இருந்த விளக்கத்தையும் மாற்றினார். சிஸ்டம் ப்ராம்ப்ட் வேறொரு ஃபைலில் கிடந்தது, அதை அவர் திறக்கவே இல்லை. திறக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அங்கே நான் எழுதிய விதி, பிரிப்பதற்கு முன்பிருந்த பழைய வரவு டூலையே சொல்லிக்கொண்டு இருந்தது. பிறகு அதே டூல்களை எம்.சி.பி. (டூல்களை வெவ்வேறு ஏஜென்ட்டுகளோடு இணைக்கும் பொது முறை) வழியாக, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களின் ஏஜென்ட்டுக்கும் கொடுத்தோம். டூல் போனது, விதி கூடப் போகவில்லை. பழைய 500 கிலோ கதை அங்கே புதிதாக ஆரம்பித்தது.

ஆபீஸ் போர்டில் எழுதியதற்கும் ரோலில் கட்டிய சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது. ரோல் எந்த யூனிட்டுக்குப் போனாலும் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), டையா (துணியின் அகல அளவு), எடை எழுதிய சீட்டு கூடவே போகும். இப்போது வரவு டூலின் சீட்டு இப்படி இருக்கிறது:

"டையிங்கிலிருந்து திரும்பி வந்து நம் குடோனில் எடை போட்ட துணியின் நிகர எடை, கிலோவில். கட்டிங்குக்கு எவ்வளவு துணி இருக்கிறது என்ற கேள்விக்கு இதைப் பயன்படுத்தவும். டையிங்குக்கு அனுப்பிய எடை இதில் கிடைக்காது, அதற்கு கிரே_அனுப்பிய_எடை. நம் கம்பெனி போட்ட டி.சி. எண்ணை மட்டுமே ஏற்கும். டையிங்காரரின் லாட் எண்ணை ஏற்காது. பாதிச் சரக்கே வந்திருந்தால், வந்தவரை உள்ள எடையோடு பாக்கி இருப்பதையும் சொல்லும்."

இதில் அதிகம் உழைப்பது மூன்றாவது வாக்கியம். எதற்குப் பயன்படாது என்று சொல்லி, பக்கத்து டூலின் பெயரையும் கொடுத்த பிறகுதான் இரண்டும் குழம்புவது நின்றது. உள்ளீட்டின் பெயரையும் வெறும் 'எண்' என்பதிலிருந்து 'நம்_டிசி_எண்' என்று மாற்றினேன். ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியம் எழுதுங்கள் என்று கிளாட் மாடலைச் செய்யும் ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டியும் சொல்கிறது.

செலவு உண்டு. விளக்கங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் மாடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும், டோக்கன் (மாடல் கட்டணத்தைக் கணக்கிடும் அலகு) ஏறும். கேஷிங் (மாறாத பகுதியைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) வைத்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி குறைகிறது. எங்களிடம் இருப்பது ஒன்பது டூல்கள், அதனால் உறுத்தவில்லை. ஐம்பது, அறுபது டூல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம், அந்த அளவில் நான் செய்து பார்த்ததில்லை.

புது டூல் சேர்க்கும்முன் விளக்கத்தை கட்டிங் மாஸ்டரிடம் வாசித்துக் காட்டுகிறேன். போன வாரம் நூல் இருப்பு டூலை வாசித்ததும் கேட்டார்: "நிட்டிங்காரங்ககிட்ட கெடக்குற நூலும் இதுல சேருமுங்களா?" சேராது. அந்த வரியை எழுதிவிட்டுத்தான் டூலை ஏற்றினேன்.