கேஸ் டிடெக்டர்: கேட்டலிட்டிக்கா, இன்ஃப்ராரெட்டா?

மீத்தேன், எல்பிஜி கசிவைப் பிடிக்க ஆலைகளில் நிரந்தரமாகப் பொருத்தும் டிடெக்டர்களில் இந்த இரண்டு வகைதான் அதிகம். வாங்கும்போது விலையைப் பார்க்கிறார்கள். கேட்டலிட்டிக் மலிவு, கையெழுத்து விழுந்துவிடும். இவற்றுக்கு வருடக்கணக்கில் கேலிபரேஷன் (அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துச் சரிபார்ப்பது) செய்கிறவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான்: சென்சார் கெட்டுப்போனால் அதுவே நமக்குச் சொல்லுமா?

கேட்டலிட்டிக் சொல்லாது. உள்ளே பிளாட்டினக் கம்பிச் சுருள் புதைந்த இரண்டு சின்ன மணிகள் இருக்கும். வினையூக்கி பூசிய மணியின் மேல் வாயு எரிந்தால் சூடு ஏறி, கம்பியின் மின்தடை கூடும். வினையூக்கி இல்லாத மற்ற மணியோடு ஒப்பிட்டால் வரும் வித்தியாசம்தான் அளவு. சிலிக்கோன் ஆவி பட்டால் வினையூக்கி செத்துவிடும், ஆனால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. கண்ட்ரோல் ரூம் பேனலுக்கு, வாயு இல்லை என்று சொல்லும் 4 மில்லி ஆம்பியர் வழக்கம்போலப் போகும், பூஜ்ஜியம் காட்டும், எல்லாம் நலம் என்று தோன்றும்.

ஒரு கம்ப்ரசர் ஷெட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஏணியில் ஏறி, சென்சாரில் கப்பை மாட்டி, 2.5 சதவீத மீத்தேன் சிலிண்டரைத் திறந்தேன். மீத்தேன் தீப்பிடிக்கக் காற்றில் குறைந்தது 5 சதவீதம் வேண்டும். அந்த 5 சதவீதத்தைத்தான் பேனல் 100 என்று காட்டும்; அதில் பாதி என்பதால் 50 வர வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துக் கண்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கிடாக்கியில் குரல் வந்தது: "அண்ணே, எட்டுலயே நிக்குது." கொஞ்ச நாள் முன்னால் பக்கத்தில் சிலிக்கோன் சீலன்ட் பூசியிருந்தார்கள். அங்கே அலாரம் 20-இல். அந்தச் சென்சார் 20 காட்டுவதற்குள் ஷெட்டே வெடிக்கும் நிலையைத் தாண்டியிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று. இப்படி நஞ்சேறிய சென்சார் முதலில் மறப்பது மீத்தேனைத்தான், எல்பிஜியில் உள்ள புரொப்பேனுக்கு இன்னும் கொஞ்ச நாள் பதில் சொல்லும். அதனால் எல்பிஜி இடத்திலும் மீத்தேன் கொடுத்துச் சோதிப்பதே எனக்குப் பிடிக்கும். இரண்டு வாயுவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட, கையேட்டில் உள்ள திருத்தக் காரணியைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்ஃப்ராரெட் வேறு மாதிரி. இந்த வாயுக்கள் 3.3 மைக்ரான் அருகே ஒளியை உறிஞ்சும், அதை வாயு தொடாத இன்னோர் அலைநீளத்தோடு ஒப்பிடுகிறது. விளக்கு மங்கினாலோ லென்ஸில் அழுக்கு அடைந்தாலோ ஃபால்ட் (பழுது) காட்டும். சிலிக்கோன் நஞ்சுக்குப் பயமில்லை, ஆக்சிஜனும் தேவையில்லை. கேட்டலிட்டிக்குக்கு நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏணி ஏறினால், இதற்கு ஆறு மாதம் போதும்.

ஆனால் "இதுக்குக் கேலிபரேஷனே வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பெயின்ட் அடிக்கிறவர் டிடெக்டரின் மூடியையும் சேர்த்து அடித்துவிட்டால், உள்ளே ஒளி பளிச்சென்று இருக்கும், வாயுதான் நுழையாது. ஃபால்ட்டும் வராது. கேஸ் கொடுத்துப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது. இதில் சிலிண்டரும் மாறக் கூடாது: புரொப்பேனுக்கு அமைத்ததில் மீத்தேன் கொடுத்தால் அளவு சம்பந்தமே இல்லாமல் வரும்.

ஹைட்ரஜன் விஷயத்தில் பேச்சே இல்லை, இன்ஃப்ராரெட்டுக்கு அது தெரியாது. ஹைட்ரஜன் வரும் பேட்டரி அறைக்குக் கேட்டலிட்டிக் போடுங்கள், மூன்று மாதக் கணக்கைத் தவறவிடாதீர்கள். மீத்தேன் மேலே ஏறும் வாயு, டிடெக்டரும் கூரையடியில்தான் இருக்கும். சாரம் கட்டி, பர்மிட் வாங்கி, அலாரத்தை பைபாஸில் போட்டு ஏற வேண்டிய அந்த இடங்களுக்கு, விலை கூடினாலும் நான் இன்ஃப்ராரெட்டையே கேட்பேன்.