38 வயதில் எதுக்களிப்பு, 72 வயதில் எதுக்களிப்பு

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நோய் இருந்தது: இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி வரும் எதுக்களிப்பு. 8 வாரம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், அல்லது முதலிலேயே எண்டோஸ்கோபி செய்துவிடலாம் என்ற இரு வழிகளில் எனக்கு முன்னதையும், அம்மாவுக்குப் பின்னதையும் தேர்ந்தெடுத்தோம். வயதானவர்களுக்கு எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே இப்போது என் கட்சி.

என் பக்கத்தில் சொல்ல அதிகமில்லை. இரவு பத்தரைக்குப் பரோட்டா, உடனே படுக்கை, வளர்ந்துவிட்ட தொப்பை. விளைவாக நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சலும், தொண்டை வரை வரும் புளிப்புத் தண்ணீரும். விழுங்கச் சிரமம், எடைக் குறைவு, இரத்தக் கசிவு போன்ற அபாய அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு 8 வார மாத்திரையே போதுமான தொடக்கம் என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு அமிலச் சுரப்பைக் குறைக்கும் பேன்டோபிரசோல் 40 மி.கி. மாத்திரை சாப்பிட்டேன், இரவு உணவை எட்டு மணிக்கு மாற்றினேன். மாத்திரையை நிறுத்தியபோது பத்து நாள் அமிலம் முன்னைவிடப் பொங்கியது, பிறகு தானாக அடங்கிவிட்டது.

அம்மாவோ நெஞ்சு எரிகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. தோசையைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துச் சாம்பாரில் ஊறவைத்து, வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளுவார்; சப்பாத்தியை விட்டே ஆறு மாதமாகியிருந்தது. பல் சரியில்லை என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம். காலையில் தொண்டைக் கம்மல், இரவில் வறட்டு இருமல், இரத்தசோகை (ஹீமோகுளோபின் 9.4). இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த மருத்துவர்தான் எண்டோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்தார். உணவுக்குழாய்ப் புண்ணை லேசான ஏ முதல் கடுமையான டி வரை தரம் பிரிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் வகைப்பாட்டில் அவருக்கு சி நிலை.

முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். வயது ஏற ஏற உணவுக்குழாயின் வலியுணர்வு மங்குகிறது. ஆகவே புண் கடுமையாக இருந்தும் புகார் லேசாகவே இருக்கும். அதே நேரத்தில் உமிழ்நீர் குறைவதாலும், உணவைக் கீழே தள்ளும் குழாயின் அலையசைவு தளர்வதாலும், உதரவிதானத் துளை வழியாக இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடும் நிலை முதியவர்களிடம் அதிகம் என்பதாலும், மேலேறிய அமிலம் நெடுநேரம் அங்கேயே தங்குகிறது. இளையவர்களிடம் பெரும்பாலும் நேர்மாறு: எரிச்சல் ஊரைக் கூட்டும், எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியாது. "எவ்வளவு எரிகிறது?" என்ற கேள்வி எனக்குப் பொருந்தும், அம்மாவிடம் கேட்டால் தவறான பதிலே கிடைக்கும். ஒரு விதிவிலக்கு: முதியவருக்குத் திடீரென நெஞ்சு எரிந்தால், வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுப்பதற்கு முன் இசிஜி எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, ஃபிரிட்ஜின் மேலிருந்த அம்மாவின் மருந்து டப்பா. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், இரைப்பை வாயிலின் சுருக்குத்தசையைத் தளர்த்தக் கூடியது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிட்ட அலெண்ட்ரோனேட், குழாயிலேயே தங்கினால் புண்ணாக்கிவிடும். அதனால்தான் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கச் சொல்கிறார்கள். அம்மா ஞாயிறு விடியற்காலையில் இரண்டு மிடறு தண்ணீருடன் அதை விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். இப்போது அதற்குப் பதில் ஆண்டுக்கொரு ஊசி போடப்படுகிறது. அம்லோடிபினில்தான் அழுத்தம் கட்டுப்பட்டிருந்தது என்பதால் அதை மாற்றவில்லை.

தொடர் சிகிச்சையும் ஒன்றல்ல. எனக்கு 8 வாரத்தில் முடிந்தது அம்மாவுக்குத் தொடர்கிறது. சி நிலைப் புண், மருந்தை நிறுத்தினால் திரும்பி வரக்கூடியது. இவ்வகை மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுவோரிடம் எலும்பு முறிவு கூடுதலாகக் காணப்படுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எச்சரித்தது. மாத்திரைதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வுகள் நிறுவிவிடவில்லை என்றாலும், ஏற்கெனவே தேய்ந்த எலும்புக்காரர் என்பதால் நாங்கள் தயங்கத்தான் செய்தோம். குறைந்த அளவு மருந்து, ஆண்டுதோறும் பி12, மெக்னீசியம் பரிசோதனை என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டோம். அறுவை சிகிச்சையின் பக்கம் நாங்கள் இருவருமே போகாததால் அதை ஒப்பிட எனக்கு அருகதை இல்லை.

ஒன்றை மட்டும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மெடிக்கலில் நான் கேட்டு வாங்கிவந்த, குமட்டலுக்கான டோம்பெரிடோன் கலந்த கேப்சூலை "நீயும் ஒன்று போட்டுக்கோம்மா" என்று அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறேன். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2014இல் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திய மருந்து அது. இப்போது ஃபிரிட்ஜின் மேல் இரண்டு டப்பாக்கள் தனித்தனியாகப் பெயர் எழுதி இருக்கின்றன.