தூரத்திலிருந்தே புதையல் காட்டும் என்று விற்கப்படும் கருவியை வாங்கிவிடாதீர்கள்

போன வாரம் ஒரு விளம்பர வீடியோவில் என்னுடைய காசு ஒன்றைப் பார்த்தேன். வெள்ளிக் காசு. ஓரத்தில் பிறை போல ஒரு சிறு வெட்டு, பின்பக்கம் பாதி தேய்ந்த எழுத்து. ஆயிரம் காசுகளுக்கு நடுவில் போட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். அதை மண்ணிலிருந்து எடுத்தது நான்தான். சாதாரண மெட்டல் டிடெக்டரை வைத்து, ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் எடுத்தேன். வீடியோவில் பேசுகிறவரோ, தான் விற்கும் கருவி அதை 300 மீட்டர் தள்ளி நின்றே காட்டிக்கொடுத்தது என்கிறார்.

அந்தக் கருவியை வாங்கி ஏமாந்தவன் நான். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். என் காசையே காட்டி அடுத்தவரை ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நாலு வருடமாக எனக்கு இது பொழுதுபோக்கு. நிலத்துக்காரரிடம் முறையாகக் கேட்டுக்கொண்டு, உழுத வயலிலும் பழைய வண்டிப்பாதை ஓரத்திலும் டிடெக்டரை வீசி நடப்பேன். ஹெட்போனில் ஒலி கேட்டால் குனிந்து தோண்டுவேன். பத்துத் தடவை தோண்டினால் ஏழெட்டுத் தடவை பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி, கசங்கிய அலுமினியத் தாள் என்றுதான் வரும். எப்போதாவது ஒருமுறை மண்கட்டியை உடைக்கும்போது பச்சைக் களிம்பு பூத்த செப்புக்காசு ஒன்று உள்ளங்கையில் விழும். யாரோ ஒருவர் தவறவிட்டுத் தேடித் தேடிக் கிடைக்காமல் போன காசு. அவருக்குப் பிறகு அதைத் தொடும் முதல் கை நம்முடையது. அந்த ஒரு நொடிக்காகத்தான் வெயிலில் நடக்கிறோம்.

அந்த ஆசையைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். சாதாரணக் கருவி ஒரு சாண், மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சாண் ஆழத்துக்குக் கீழே தனிக் காசைக் காட்டத் திணறும். அதற்கும் அடியில் என்னவெல்லாம் கிடக்கிறதோ என்ற எண்ணம் எல்லாருக்கும் ஒருநாள் வரும். எனக்கும் வந்தது. அப்படித் தேடியபோதுதான் 'லாங் ரேஞ்ச் லொக்கேட்டர்' என்ற பெயரில் இந்தக் கருவி கண்ணில் பட்டது. துப்பாக்கியுடையது போன்ற ஒரு கைப்பிடி. அதன் முன்னால் இரு பக்கமும் தாராளமாகத் திரும்பும் ஆன்டெனா. ஒரு சின்னத் திரை. தங்கம், வெள்ளி, செம்பு என்று எழுதிய அட்டைகள். வேண்டிய உலோகத்தின் அட்டையைச் செருகினால் அது இருக்கும் திசைக்கு ஆன்டெனா திரும்பும் என்றார்கள். 300 மீட்டர் தூரம், 10 மீட்டர் ஆழம் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது.

நான் விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டவில்லை. நேரில் போனேன். விற்பவர் ஒரு வெள்ளிக் காசைப் புல்தரையில் வைத்தார். பத்தடி தள்ளி நின்று கருவியைப் பிடித்தார். ஆன்டெனா மெல்லத் திரும்பிக் காசைக் காட்டியது. "நீங்களே பிடிச்சுப் பாருங்க சார்" என்று கையில் கொடுத்தார். என் கையிலும் திரும்பியது. நான் எதுவும் செய்யவில்லை, சத்தியமாக. அது தானாகவே திரும்பியது போலத்தான் இருந்தது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். இரண்டு மாதச் சம்பளம் போனது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லாரும் விழுவது இங்கேதான். காசு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆன்டெனா எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மணிக்கட்டு சாய்ந்தால் போதும், அது சாய்ந்த பக்கம் போய்விடும். மனம் எதிர்பார்ப்பதை நோக்கிக் கை தன்னையறியாமல் அசையும் என்பது புதிய விஷயமே இல்லை. வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1852-லேயே இதை விளக்கி 'ஐடியோமோட்டார்' என்று பெயரும் வைத்தார். குச்சியைப் பிடித்துக்கொண்டு நிலத்தடி நீர் பார்ப்பதிலும் நடப்பது இதுதான். பிடித்திருப்பவர் பொய் சொல்வதில்லை, அவருக்கே தெரியாது. அதனால்தான் "நீங்களே பிடித்துப் பாருங்கள்" என்று விற்பவர் அவ்வளவு தைரியமாகச் சொல்கிறார்.

அப்புறம் நடந்தது சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கு வழக்கமாக அனுமதி கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என்னைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்துவார். அவர் நிலத்தில் இந்தக் கருவியைப் பிடித்தேன். நிலத்தின் மூலையில் இருந்த ஒரு மேட்டைக் காட்டியது. பழைய ஓட்டுச்சில்லுகள் கிடக்கும் மேடு என்பதால் அங்கே ஏதாவது இருக்கும் என்று நான் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்தேன். கருவி என் நினைப்பைத்தான் எனக்குத் திருப்பிக் காட்டியது என்று இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. "ஐயா, கொஞ்சம் ஆழமாத் தோண்டிக்கலாமா?" என்று கேட்டேன். "நீ சொன்னா சரிப்பா" என்றார். முதல் நாள் முழங்கால் அளவு, மறுநாள் இடுப்பளவு. எதுவும் இல்லை.

விற்பவரை அழைத்தேன். "மண்ணுல தாது அதிகம், அதுக்குத் தனி அட்டை வாங்கணும்" என்றார். வாங்கினேன். பக்கத்தில் இன்னொரு குழி. அதிலும் இல்லை. "உங்க உடம்போட மின்சாரம் கருவிக்கு ஒத்துப்போகல, ஒரு நாள் பயிற்சி எடுத்துக்குங்க" என்றார். அதற்கும் தனிக் கட்டணம் கொடுத்துப் போனேன். அந்தப் பயிற்சியின்போதுதான் இதுவரை எடுத்த காசுகளின் படங்களைக் கேட்டார். எந்த மாதிரி மண் என்று பார்க்க வேண்டும் என்றார். நம்பி அனுப்பினேன். வீடியோவில் வந்தது அந்தப் படம்தான்.

மூன்றாவது குழியும் வெறுமையாகப் போன பிறகு, இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு முன்னோடியான ஒரு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கருவியைத் தொடவே இல்லை. பத்துக் காகிதக் கப்புகளை எடுத்துவந்தார். முதலில் காசை எந்தக் கப்புக்குள் வைக்கிறார் என்று எனக்குக் காட்டிவிட்டே வைத்தார். பத்து முறை செய்தோம், பத்தும் சரி. அடுத்து என்னை வெளியே அனுப்பிவிட்டுக் காசை மறைத்தார். மறைத்தவர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார், நான் முன்வாசல் வழியாக வருவேன். அவர் முகத்தைப் பார்த்துக்கூட நான் ஊகிக்கக் கூடாது என்பதற்காக. எந்தக் கப்பில் வைப்பது என்பதையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்தார். இருபது முறை செய்தோம். மூன்று சரி. பத்துக் கப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே இருபதில் இரண்டு சரியாக வரும்.

அன்று இரவு கருவியைத் திறந்தோம். பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகள் திரைக்கும் ஒரு சிறு விளக்குக்கும் போகின்றன. ஆன்டெனாவுக்கு எதுவும் போகவில்லை. அது ஒரு ஆணியில் சுழலும் வெறும் கம்பி. அட்டை செருகும் இடத்தில் ஒரு பிளவு மட்டும்தான், உள்ளே அட்டையைத் தொடும் பாகம் என்று ஒன்றுமே கிடையாது.

இதே அமைப்பை வைத்து உயிர்களோடு விளையாடியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தேன். 'ஏடிஇ 651' என்ற பெயரில் ஜேம்ஸ் மக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார். கைப்பிடி, சுழலும் ஆன்டெனா, பொருளுக்கு ஒரு அட்டை என்று எல்லாமே அப்படியே. கோல்ஃப் பந்து தேடித் தரும் என்று விற்ற ஒரு மலிவான விளையாட்டுப் பொருள்தான் அதன் மூலம். பாக்தாத் சோதனைச்சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை அனுப்பினார்கள். 2013-இல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதன் பிறகும் அந்தக் கருவி சாவடிகளில் இருந்தது. 2016 ஜூலையில் பாக்தாத்தில் நடந்த பெரிய குண்டுவெடிப்புக்குப் பிறகுதான் அதை விலக்க உத்தரவு போட்டார்கள். 'ஜிடி 200' என்று இன்னொன்று தாய்லாந்தில் இருந்தது. 2010-இல் அதை முறையாகச் சோதித்தபோது 20-இல் 4 முறைதான் சரியாகச் சொன்னது. ராணுவமும் போலீசும் இப்படி ஏமாந்திருக்கிறார்கள் என்றால், படித்தவர், விவரமானவர் என்பதெல்லாம் இங்கே காப்பாற்றாது.

உண்மையான டிடெக்டர் ஏன் ஆழம் போவதில்லை என்று தெரிந்திருந்தால் நான் அந்தப் பெட்டியைப் பார்த்த உடனே திரும்பி வந்திருப்பேன். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். டிடெக்டரின் அடியில் 'காயில்' என்ற கம்பிச் சுருள் இருக்கும். அதில் ஓடும் மாறுமின்சாரம், வினாடிக்குச் சில ஆயிரம் முதல் பல்லாயிரம் தடவை திசைமாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் காசில் பட்டால் காசுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டத்தின் சொந்தக் காந்தப்புலம் திரும்பி வருவதைத்தான் இன்னொரு காயில் பிடிக்கிறது. போகும் வழியிலும் வலு குறைகிறது, திரும்பும் வழியிலும் குறைகிறது. காயிலின் அளவைத் தாண்டிய தூரத்தில் உள்ள ஒரு சிறு பொருளுக்கு, தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சைகை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். ஒரு சாணில் நன்றாகக் கேட்ட காசு இரண்டு சாணில் காணாமல் போவது அதனால்தான். ஒரு காசை 300 மீட்டரில் பிடிக்கும் கருவி எந்த விலையிலும் இல்லை. ஒரு கம்பின் இரண்டு முனையிலும் இரண்டு பெட்டிகள் உள்ள டிடெக்டர்கள் ஒரு மீட்டருக்குக் கீழேயும் பார்க்கும். ஆனால் அவை பானை, பெட்டி அளவுள்ள பெரிய உலோகத்துக்குத்தான், தனிக் காசு அவற்றுக்குத் தெரியவே தெரியாது. நல்ல நிறுவனங்கள் இதை அவர்களே கையேட்டில் எழுதியிருப்பார்கள். தன் கருவியால் முடியாதது என்ன என்று சொல்லாத விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பெரிய புதையல்கள் எடுத்தவர்கள் கையில் இருந்ததும் சாதாரண டிடெக்டர்தான். 1992-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் எரிக் லாஸ் என்பவர், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனபோது ஹாக்ஸன் புதையலைக் கண்டார். ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள். கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார், தொல்லியலாளர்கள் வந்து மண்ணில் இருந்த இருப்பு கெடாமல் எடுத்தார்கள். அதனால் எந்தப் பொருள் எந்தப் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருந்தது என்பதுவரை இன்று தெரிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மேட்டில் நான் போட்ட மூன்று குழிகள் நெஞ்சில் குத்துகின்றன. ஏர் படும் மேல்மண்ணில் உள்ளது எப்படியும் கலைந்ததுதான். அதற்குக் கீழே இருப்பது அடுக்கு அடுக்காக வரலாறு. ஒரு பொய்க் கருவியை நம்பி இடுப்பளவுக்கு அதை வெட்டிக் கலைத்துவிட்டேன். பணத்தைவிட இது பெரிய நஷ்டம்.

பணம் திரும்பக் கேட்டேன். கருவியைத் திறந்துவிட்டதால் உத்தரவாதம் போய்விட்டது என்றார். திறக்காமல் இருந்திருந்தால் பயிற்சி போதவில்லை என்றிருப்பார். அழைப்பை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், கப் சோதனையை மறுபடி செய்து வீடியோ எடுத்து அதையும் சேர்த்திருக்கிறேன். என் படத்தை எடுக்கச் சொல்லி அந்த விளம்பரத்தின் மேலும் புகார் போட்டாயிற்று. இதை எழுதும்வரை அது நீங்கவில்லை.

பெரியவரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். குழிகளை நானே மூடினேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் அந்த மூலைப் பக்கம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது நியாயம்தான்.

இந்தக் கருவிக்கு யாராவது முன்பணம் கொடுத்திருந்தால், மீதியைக் கட்டுவதற்கு முன் பத்துக் கப்புகளோடு போங்கள். காசை உங்களோடு வந்தவர் மறைக்கட்டும், விற்பவரே கருவியைப் பிடிக்கட்டும், இருபது முறை. மண் சரியில்லை, நேரம் சரியில்லை, ஆள் சரியில்லை என்று அவர் ஆரம்பித்தால் முன்பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கருவியைத் திறந்து எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. புகார் கொடுக்க வேண்டியவர்கள் கேளுங்கள், தருகிறேன்.