கம்பைலர் எழுத ஜாவாவா, ஓகேமலா?

சிறிய நிரல்மொழி ஒன்றுக்கான கம்பைலரை, அதாவது நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளை, முதலில் ஜாவாவிலும் பிறகு ஃபங்ஷன்களை மையமாகக் கொண்ட ஓகேமல் (OCaml) மொழியிலும் எழுதி, இரண்டையும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர் கேட்டால் ஓகேமல் என்றுதான் சொல்வேன்.

கம்பைலர் நிரலைப் படித்ததும் அதை ஒரு தொடரியல் மரமாக அடுக்கிக்கொள்கிறது; எண், பெருக்கல் என்று ஒவ்வொரு கூறும் அதில் ஒரு கணு. ஒரு மொழியின் மரத்தில் வரும் கணு வகைகள் சீக்கிரமே நிலைபெற்றுவிடும். ஓயாமல் பெருகுவது அவற்றின் மீது செய்யும் வேலைகள்தான். டைப் சரிபார்க்க வேண்டும், கோவைகளைச் சுருக்க வேண்டும், இயந்திரக் கட்டளைகளாக மாற்ற வேண்டும். ஜாவாவின் வழியான பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒவ்வொரு கணு வகையும் தன் வேலைகளைத் தாங்கிய ஒரு கிளாஸ் என்பதால், புதிய கணுவைச் சேர்ப்பது சுலபம். புதிய வேலையைச் சேர்ப்பதற்கோ ஒவ்வொரு கிளாஸையும் திறக்க வேண்டும். இந்த இழுபறிக்கு 1998இல் பிலிப் வாட்லர் 'எக்ஸ்பிரஷன் பிராப்ளம்' என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு வேலையையும் தனி கிளாஸில், கணு வகைக்கு ஒரு 'விசிட்' மெதடாக எழுதும் விசிட்டர் முறை இதைச் சமாளிக்கிறது, ஆனால் சடங்கு அதிகம். ஓகேமலிலோ புதிய வேலை என்பது புதிதாக ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான்.

எதை 1ஆல் பெருக்கினாலும் அதுவே விடை என்ற சுருக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் பழைய ஜாவா நிரலில் பெருக்கலுக்கான விசிட் மெதடில் நுழைந்து, வலப்பக்கம் எண்தானா என்று, வகையைச் சோதிக்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் மூலம் கேட்டு, டைப்பை மாற்றி, மதிப்பை எடுத்து ஒப்பிட வேண்டும். ஓகேமலில் "பெருக்கல், வலப்பக்கம் எண் 1" என்ற வடிவத்தையே ஒரு வரியாக எழுதிவிடலாம். படிப்பவருக்குக் கணித விதி கண்ணெதிரே நிற்கிறது.

என் மொழியில் சுழற்சியிலிருந்து வெளியேறும் 'பிரேக்' கூற்றைச் சேர்த்தபோது, அதைக் கையாளாத ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஓகேமல் சுட்டிக்காட்டி, விடுபட்ட வடிவத்தையும் அச்சிட்டது. ஜாவாவில், எழுதாத மெதடுகளுக்கெல்லாம் பொதுவான விடை தரும் இயல்புநிலை விசிட்டர் கிளாஸ் இருந்தால் இந்த விடுபடல் சத்தமின்றிக் கடந்துபோகும். ஓகேமலிலும் கடைசியில், எதற்கும் பொருந்தும் குறியான அடிக்கோடு (_) போட்டு மிச்சத்தை மூடினால் அதே கதிதான். ஆகவே மரத்தைத் தொடும் ஃபங்ஷன்களில் அடிக்கோட்டை நான் அனுமதிப்பதில்லை.

பொருள்நோக்கு முறைக்கு உரிய இடமும் உண்டு. எக்ஸ்86, ஆர்ம் என்று ஒவ்வொரு பிராசஸருக்கும் கட்டளை உருவாக்கும் பகுதியில் ஒரே இடைமுகமும் தனித்தனி கிளாஸ்களும் அழகாகப் பொருந்துகின்றன. பல கம்பைலர்களுக்கு அடித்தளமான, சி++ மொழியில் எழுதப்பட்ட எல்எல்விஎம்கூட (LLVM) கிளாஸ்களைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது. ஆனால் கணு எந்த வகை என்று கேட்கத் தனக்கென்று ஒரு வழியை அமைத்துக்கொண்டது. மறுபக்கம், ரஸ்ட் என்ற நிரல்மொழியின் முதல் கம்பைலர் ஓகேமலில்தான் பிறந்தது.

2023இல் வந்த ஜாவா 21 இரு மொழிகளுக்கும் உள்ள இடைவெளியை வெகுவாகக் குறைத்திருக்கிறது. சீல்டு இடைமுகம் (எந்தெந்த வகைகள் அதில் அடங்கும் என்று முன்பே வரையறுப்பது), ரெக்கார்டு (தரவைத் தாங்கும் எளிய கிளாஸ்), ஸ்விட்சில் வடிவப் பொருத்தம் மூன்றும் சேர்ந்ததும் என் விசிட்டர்களை நீக்கத் தொடங்கிவிட்டேன். ரெக்கார்டு வடிவத்துக்குள் எண் 1ஐ நேரடியாக எழுத முடியாது, 'வென்' நிபந்தனை வேண்டும் என்ற குறை மட்டும் உறுத்துகிறது. குழுவில் அனைவரும் ஜாவாக்காரர்கள் என்றால் 21 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு போதும். பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்கள் ஓகேமல் கற்கும் நேரத்தைத் தாராளமாகச் செலவிடலாம்.