சர்டேவிஸ் ரை: பெயரை மறைத்துவிட்டு ருசித்தால்

சர்டேவிஸ் பாட்டிலைத் தூக்கியதும் கைக்குத் தெரிவது அதன் கனம். வரிவரியான தடித்த கண்ணாடி, முகப்பில் வெண்கல நிறக் குதிரை. பாடகி பியான்சேயும் மோயெட் ஹென்னெஸ்ஸி நிறுவனமும் சேர்ந்து 2024 செப்டம்பரில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த ரை விஸ்கி இது; ரை என்பது கோதுமைக்கு உறவான ஒரு தானியம். 44 சதவீத ஆல்கஹால், அறிமுக விலை 89 டாலர். பியான்சேயின் அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா டேவிஸ் ஹோக்கின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மதுவிலக்குக் காலத்தில் திருட்டுத்தனமாக விஸ்கி காய்ச்சி, வேண்டியவர்களுக்காக சீடர் மரப் பொந்துகளில் புட்டிகளை ஒளித்து வைப்பாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. கிளாஸில் அது வராது.

வருவது தானியம். அதில்தான் இந்த விஸ்கியின் சூட்சுமமே இருக்கிறது: 51 சதவீதம் ரை, 49 சதவீதம் முளைகட்டிய பார்லி. அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கி என்று சொல்லிக்கொள்ள 51 சதவீத ரை போதும். கென்டக்கியில் ஹெவன் ஹில் நிறுவனம் தயாரிக்கும் ரிட்டன்ஹவுஸ் என்ற ரை விஸ்கியிலும் ரை அதே 51தான். ஆனால் அங்கே மிச்சம் 35 சோளம், 14 பார்லி. இண்டியானாவின் லாரன்ஸ்பர்க் வடிசாலையிலிருந்து பல பிராண்டுகள் வாங்கிப் புட்டியில் அடைக்கும் ரையில் 95 ரை, 5 பார்லி. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளுக்காகத்தான் வழக்கமாகப் பார்லி சேர்ப்பார்கள். அதற்குச் சிறு பங்கே போதும். 49 என்று போனால் அது நொதிக்காக அல்ல, ருசிக்காக. பிஸ்கட் மாவின் வாசம், தானிய இனிப்பு, நாக்கில் ஒரு கொழகொழப்பு என்று ஸ்காட்ச் மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில் காய்ச்சும் ஸ்காட்லாந்து விஸ்கியில், கிடைக்கும் சங்கதிகள் எல்லாம் உள்ளே நுழைந்துவிடுகின்றன.

இந்தக் கணக்கைப் போட்டவர் கிளென்மோரஞ்சி, ஆர்ட்பெக் என்ற ஸ்காட்ச் விஸ்கிகளை உருவாக்கிவரும் டாக்டர் பில் லம்ஸ்டன் என்பது தெரிந்தால் ஆச்சரியம் போய்விடும். ஒரு பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியை வேறு பீப்பாய்க்கு மாற்றி மெருகேற்றும் வித்தையில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறார். பெட்ரோ ஹிமெனெஸ் ஷெரி என்ற ஸ்பானிய இனிப்பு ஒயின் இருந்த பீப்பாயில் இரண்டாம் சுற்று முதிர்ச்சி, அதுவும் டெக்சாஸ் வெயிலில். அந்த ஷெரி, வெயிலில் காயவைத்த திராட்சையிலிருந்து வருவது. லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், பாகு மாதிரி ஊற்றும். பீப்பாய்ப் பலகை உறிஞ்சி வைத்திருக்கும் அந்தப் பாகு விஸ்கியில் கரைந்து இறங்குகிறது. சூடான ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். ரையின் கிராம்பு வாசமும் காரமும் இந்த இனிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஆபத்து இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

லேபிளில் வயது இல்லை. 89 டாலர் கேட்கும் சரக்கு இன்னும் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசியிருக்கலாம்.

ருசி பார்க்கும் முறைக்கு வருவோம். பிரபலத்தின் பெயர் ஒட்டிய விஸ்கியைப் புட்டியைப் பார்த்துக்கொண்டே குடித்தால் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவரைப் பிடித்தவர்களுக்கு மதிப்பெண் ஏறும், பிடிக்காதவர்களுக்கு இறங்கும். மூன்று கிளாஸ் வேண்டும், வாய் குறுகிய துலிப் வடிவத்தில். ஒன்றில் சர்டேவிஸ், ஒன்றில் ரிட்டன்ஹவுஸ் போன்ற கென்டக்கி ரை, மூன்றாவதில் ஷெரிப் பீப்பாய் கண்ட ஒரு ஸ்காட்ச் மால்ட். லம்ஸ்டனின் கைவண்ணமே வேண்டுமென்றால் கிளென்மோரஞ்சி லசாந்தா. அடியில் எண் ஒட்டி, வேறொருவரை ஊற்றச் சொல்ல வேண்டும். தலா 20 மி.லி. போதும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரிட்டன்ஹவுஸ் 50 சதவீதம். அப்படியே வைத்தால் காரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், அது பரீட்சையே இல்லை. 20 மி.லி.க்கு 2.7 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 44-க்கு இறங்கும். ஊசி கழற்றிய சிரிஞ்ச் இருந்தால் அளப்பது சுலபம். ஊற்றியபின் பத்து நிமிடம் தொடக்கூடாது. ஆல்கஹாலின் முதல் குத்தல் அடங்கினால்தான் மற்ற வாசனை மேலே வரும். முகரும்போது வாயை லேசாகத் திறந்து வைத்தால் மூக்கு எரியாது.

சர்டேவிஸில் முதலில் எழுவது உலர்திராட்சை. அதன் பின்னாலேயே ஆரஞ்சுத்தோல் மர்மலேட், கிராம்பு. இரண்டு மூன்று தடவை முகர்ந்த பிறகு ரொட்டி ஓரம் கருகிய வாசம் ஒன்று வருகிறது. அது பார்லியும் ரையும் சேர்ந்து தருவது. வாயில் தேன், டாஃபி, அப்புறம் இஞ்சியும் பட்டையும். காரம் உண்டு, ஆனால் மிளகுக் காரம் இல்லை, சுக்குக் காரம். நாக்கின் நுனியைச் சுடாமல் தொண்டையில் இறங்கும்போது மட்டும் தலைகாட்டுகிறது. கென்டக்கி ரையில் சாதாரணமாகக் கிடைக்கும் பச்சைப் புல் வாடை, புதினாக் குளிர்ச்சி, சோம்பு மூன்றையும் இதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோம்பு மட்டும் கடைசியில் ஒரு நூலளவு. விழுங்கிய பிறகு தங்கும் ருசி நடுத்தர நீளம்; இனிப்பு வற்றியதும் ஓக் துவர்ப்பு கொஞ்சம் உலர்ந்து நிற்கிறது. இந்தத் துவர்ப்பு குறை அல்ல, இது இல்லாவிட்டால் மொத்தமும் பாகாகியிருக்கும்.

பக்கத்து கிளாஸ்களோடு வைத்துப் பார்க்கும்போது இன்னொன்று தெரிகிறது: இது ரிட்டன்ஹவுஸின் தம்பி அல்ல, லசாந்தாவின் ஒன்றுவிட்ட சகோதரன். ரை பிரியர்கள் ஏமாறுவதற்கும் ஸ்காட்ச் குடிப்பவர்கள் சட்டென்று ஒட்டிக்கொள்வதற்கும் காரணம் ஒன்றுதான். அமெரிக்கப் பாணியில் ‘whiskey’ என்று எழுதும்போது வரும் ‘e’ எழுத்தை விட்டு, ஸ்காட்லாந்துக்காரர்கள் மாதிரியே லேபிளில் ‘whisky’ என்று போட்டிருப்பது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது.

தண்ணீர் விஷயத்தில் கை நடுங்க வேண்டும். 20 மி.லி.க்கு 2 மி.லி. விட்டால் சரியாக 40 சதவீதம்; ஆரஞ்சு மலர்கிறது, கிராம்பு முன்னால் வருகிறது. இன்னும் 2 மி.லி. போனால் 37-க்குக் கீழே. திராட்சை மெலிந்து, துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஐஸ் போட்டே ஆகவேண்டும் என்பவர்கள் ஒரே பெரிய கட்டியாகப் போடுவது நல்லது. பொடி ஐஸ் வேகமாக உருகும், ஐந்து நிமிடத்தில் மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர்.

காக்டெயிலில் இதன் பலவீனம் அப்பட்டமாகத் தெரிகிறது. மன்ஹாட்டனின் வழக்கமான அளவு 60 மி.லி. ரை, 30 மி.லி. இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), இரண்டு உதறல் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு). அதே அளவில் சர்டேவிஸை ஊற்றினால் இனிப்பின் மேல் இனிப்பு ஏறித் திகட்டும். வெர்மூத்துக்கு எதிராக நிற்க வேண்டிய காரம்தான் இதில் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறதே! வெர்மூத்தை 20-க்கு இறக்கி, பிட்டர்ஸை மூன்றாக்கி, ஐஸோடு 20 விநாடி மட்டும் கலக்கினால் தேறுகிறது. வழக்கமான 30 விநாடிக்கு 44 சதவீதம் தாங்காது. விஸ்கி, சர்க்கரைப் பாகு, பிட்டர்ஸ் சேரும் ஓல்ட் ஃபேஷண்ட் காக்டெயிலில் பாகைப் பாதியாக, அதாவது 2.5 மி.லி.யாகக் குறைத்து ஆரஞ்சுத்தோலைப் பிழிந்துவிட்டால் அருமை. மிகவும் பொருந்துவது ஹைபால்: 45 மி.லி.க்கு 120 மி.லி. குளிர்ந்த சோடா, எலுமிச்சை வேண்டாம். பார்லி வாசம் அதில்தான் முழுசாக எழும்புகிறது.

விலை? ரிட்டன்ஹவுஸ் சுமார் 30 டாலருக்குக் கிடைக்கிறது, நான்கு வயதுக்குக் குறையாத சரக்கு என்று சட்டமே உத்தரவாதம் தருகிறது. ரை காரம்தான் வேண்டும் என்றால் மூன்று மடங்கு கொடுக்க ஒரு நியாயமும் இல்லை. பிரபலங்களின் ரைகளில் பாடகர் பாப் டிலானின் ஹெவன்ஸ் டோர் 2018-லேயே வந்துவிட்டது. அது பிரான்ஸின் வோஜ் பகுதி ஓக் மரப் பீப்பாயில் மெருகேறியது, 46 சதவீதம், காரம் கூடுதலாகத் தெரியும். சர்டேவிஸும் பெயரை மட்டும் நம்பி வந்தது அல்ல. அறிமுகத்துக்கு முன்பே, 2023-ல், பியான்சே பெயர் இல்லாமல் போட்டிகளுக்கு அனுப்பிப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். சரக்கின் தரத்துக்கு 60 டாலர் தாராளமாகத் தரலாம். மிச்சம் 29 குதிரைக்கும் கண்ணாடிக்கும்.

வாங்கிவிட்டவர்கள் புட்டியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு மாதக்கணக்கில் விட்டால் முதலில் மங்குவது அந்த ஆரஞ்சு வாசம்தான், பின்னாலேயே உலர்திராட்சை. மீதியைச் சின்னக் கண்ணாடிப் புட்டிக்குக் கழுத்து வரை மாற்றி மூடினால் அது கொஞ்சம் தள்ளிப்போகும். குதிரைப் புட்டி அலமாரியில் காலியாக நின்றாலும் அழகுதான்.