டாம், பிளடி, ஹெல்: எதை எங்கே வைப்பது?

ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அறுகம்பையில் சர்ஃப் சீசன். அங்கே சர்ஃப் பழக்குகிறவர்களும் பொத்துவில் ஓட்டோக்காரரும் வெள்ளைக்காரரோடு கதைத்துக் கதைத்தே இங்கிலிஷ் பிடிக்கிறார்கள். கூடவே டாம் (damn), பிளடி (bloody), ஹெல் (hell) என்ற இந்த அரைத் தூசணங்களும் நாக்கில் ஏறிவிடுகின்றன. சொல்லில் பிழை வருவதில்லை, வைக்கும் இடத்தில்தான் வருகிறது.

பழக லேசானது "டாம்". "டாம் ஹொட்", "டாம் குட்" என்று பண்பைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் போட்டால், நாங்கள் "சரியான வெயில்" என்கிறோமே, அந்த வேலையைச் செய்யும். பொருளின் பெயருக்கு முன்னால் போனால் அது எரிச்சல். "த ரோட் இஸ் டாம் லோங்" என்றால் நீண்ட பாதை, அவ்வளவுதான். "த டாம் ரோட்" என்றால் பாதைக்கு ஏச்சு. "யுவர் டாம் பேக்" என்று விருந்தாளியின் பையைக் காட்டினால், சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவர் முகம் மாறும்.

"பிளடி"க்கும் இதே கணக்குத்தான், ஆனால் அதன் எடை ஆளுக்கு ஆள் மாறும். அவுஸ்திரேலியருக்கு அது அன்றாடப் பேச்சு. 2006 இல் அந்த நாட்டுச் சுற்றுலா விளம்பரமே "வேர் த பிளடி ஹெல் ஆர் யூ?" என்று கேட்டது. பிரித்தானியத் தொலைக்காட்சியில் அதை முதலில் தடுத்து, பிறகுதான் விட்டார்கள். அங்குள்ள ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஓஃப்கொம் 2016 இல் வெளியிட்ட பட்டியலில் "டாம்", "பிளடி" இரண்டுமே மென்மையான வகை. அமெரிக்கருக்கு "பிளடி" சுடாது, பிரித்தானியத் துரையைப் போல நடிப்பதாகத்தான் படும். எங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு. "பிளடி ஃபூல்" என்று ஏச்சாகவே கேட்டுப் பழகிய காதுகள் இவை. விருந்தாளி ரசித்தாலும், கல்லாவில் இருக்கும் முதலாளியும் பக்கத்து மேசைக் கொழும்புக் குடும்பமும் திரும்பிப் பார்ப்பார்கள். ஹோட்டலில் வேலைக்கு நிற்பவருக்கு "டாம்" தான் உத்தமம். "பிளடி" வேண்டுமென்றால் அலைக்குள், அவுஸ்திரேலியரோடு மட்டும். அப்போதும் "பிளடி ஹொட்" என்றால் "ஹொட்"டில் அழுத்துங்கள். "பிளடி"யை அழுத்தினால் சண்டைக்கு நிற்பது போலக் கேட்கும்.

"ஹெல்" விதியை மீறும் சொல். "ஹொட் அஸ் ஹெல்" என்று பின்னால் வரும். "எ ஹெல் ஒஃப் எ வேவ்" என்று பெயருக்கு முன்னால் வந்தும் பாராட்டாகவே நிற்கும். நடுவில் உள்ள "ஒஃப் எ"வை விழுங்கி "ஹெல் வேவ்" என்றால் யாருக்கும் விளங்காது. "வட் த ஹெல்" கூட்டாளிமாருக்குள் வியப்பு, விருந்தாளியிடம் அதட்டல்.

"டாம்", "ஹெல்" இரண்டும் வேதத்தின் தண்டனையையும் நரகத்தையும் தொடுவதால், பக்தியுள்ள கிறிஸ்தவர் பலர் "டார்ன்", "ஹெக்" என்று தணித்துக்கொள்வார்கள். "ஃப்ரீக்கிங்" மெல்லியதாகக் கேட்டாலும் எந்தப் பெரிய சொல்லின் இடத்தில் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், பிள்ளைகள் இருக்கும் மேசையில் வேண்டாம். "க்ராப்" அழுத்தச் சொல்லே அல்ல. "க்ராப் வேவ்ஸ்" என்றால் அலை மோசம்.

வாட்ஸ்அப்பிலும் புக்கிங் பதிலிலும் குரல் போகாது, அங்கே "ரியலி" மட்டும் எழுதுங்கள். நேரிலும் விருந்தாளி முதலில் சொல்லட்டும். ஆனால் அவர் "த டாம் ஃபேன் இஸ் நொட் வேர்க்கிங்" என்று முறைப்பாடு சொல்லும்போது அந்த "டாம்"மைத் திருப்பிச் சொல்லக் கூடாது, அவரையே கிண்டல் செய்வதாக எடுத்துக்கொள்வார். "சொரி, ஐ வில் செக் த ஃபேன் நவ்" போதும்.